டிம்பேரியோவின் சாமான்: காப்ரித் தீவில் ஒரு டாக்டர் கட்டிய வீடு

இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து காப்ரிக்குக் காலையில் கிளம்பும் படகில் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். தீவில் இறங்கிய கூட்டத்தில் ஒரு பகுதி உடனே நீலக் குகைக்குப் படகு பிடிக்க ஓடும். இன்னொரு பகுதி சாய்வு ரயிலில் ஏறி மேலே இருக்கும் சின்னச் சதுக்கத்துக்குப் போய், விலைப்பட்டியலைப் பார்க்காமல் காபி சொல்லிவிட்டு, பில் வந்ததும் முகம் மாறும். மேற்குப் பக்க மேட்டில் இருக்கும் அனகாப்ரிக்கு வருகிறவர்கள் கொஞ்சம் நிதானமானவர்கள். நான் பார்க்க நினைத்த வீடு அங்கேதான் இருக்கிறது. பெயர் வில்லா சான் மிக்கேலே. ரோமானியப் பேரரசர்கள் காலத்து மாளிகை ஒன்றின் இடிபாடுகள்மேல் ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஒருவர் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்ட வெள்ளை வீடு. இன்று அது அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம்.

கூட வந்தவர் என் மாமனார். கரூர்க்காரர், பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குக் கூட்டிப்போனாலும் ஓவியத்தையும் சிலையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கப் போய்விடுவார். இந்த வீட்டுக்கு அவரைவிடப் பொருத்தமான துணை கிடைத்திருக்காது. சான் மிக்கேலேயில் உண்மையில் பார்க்க வேண்டியது சுவர்தான்.

அனகாப்ரிக்கு இப்போது மினி பஸ் போகிறது. பாறைச் சரிவைக் குடைந்து போட்ட ரோடு, ஒரு பக்கம் நேராகக் கடல். 1870களில் இந்த ரோடு போடும்வரை அனகாப்ரிக்காரர்கள் துறைமுகத்துக்குப் போகப் பாறையில் வெட்டிய படிக்கட்டு ஒன்றுதான் வழி. மொத்தம் 921 படிகள். ஃபினீஷியப் படிகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் வெட்டியவர்கள் பண்டைய கிரேக்கக் குடியேறிகள் என்பதுதான் ஆய்வாளர்கள் கருத்து. தண்ணீர், மீன், தபால், கல்யாணச் சீர் எல்லாம் இந்தப் படியில்தான் ஏறியது. பெரும்பாலும் பெண்கள் தலையில். அந்தப் படிகள் முடிகிற உச்சியில், கடலிலிருந்து 327 மீட்டர் உயரத்தில், வீடு நிற்கிறது.

டாக்டரின் பெயர் ஆக்செல் முந்தே. 1857இல் ஸ்வீடனில் ஓஸ்கர்ஸ்ஹாம்ன் என்ற ஊரில் பிறந்தவர். மாணவராக இருக்கும்போதே காப்ரிக்கு வந்து, படியேறி, உச்சியில் பாழடைந்து கிடந்த சான் மிக்கேலே என்ற சின்னத் தேவாலயத்தையும் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தையும் பார்த்து மயங்கியவர். 1880இல் பாரிஸில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1884இல் நேப்பிள்ஸில் காலரா ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போனபோது அங்கே போய் வைத்தியம் பார்த்து, ஸ்வீடன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதங்களாகவும் எழுதினார். 1890இல் ரோமுக்கு வந்து, ஸ்பானிஷ் படிக்கட்டுக்குப் பக்கத்தில், கவிஞர் கீட்ஸ் செத்துப்போன வீட்டிலேயே கிளினிக் போட்டார். பணக்காரச் சீமாட்டிகள் வந்து குவிந்தார்கள். பலருக்கும் பெரிதாக ஒன்றும் இருக்காதாம். நோய் இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் அவர்களுக்குக் 'கோலைட்டிஸ்' (பெருங்குடல் அழற்சி) என்று ஒரு பெயரைக் கொடுத்து அனுப்பியதாக அவரே பின்னாளில் கிண்டலாக எழுதியிருக்கிறார். அந்தக் கோலைட்டிஸ் பணத்தில்தான் 1890களின் நடுவில் தொடங்கிச் சான் மிக்கேலே எழும்பியது.

மண்ணைத் தோண்டினால் ரோமானியப் பொருள். அனகாப்ரி விவசாயிகளுக்கு அது புதுசில்லை. திராட்சைக் கொடி நடக் குழி வெட்டும்போது சிவப்புப் பூச்சு ஒட்டிய சுவர்த்துண்டும் பளிங்குச் சில்லும் வந்துகொண்டே இருக்கும். எது வந்தாலும் 'டிம்பேரியோவின் சாமான்' என்பார்கள். டைபீரியஸ் சக்கரவர்த்தியைத்தான் தீவில் அப்படிச் சொல்வது. சாமான் என்றால் மதிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கொடி வேர் விட இடைஞ்சல் பண்ணுகிற குப்பை என்றுதான் அர்த்தம், தூக்கி மதிலுக்கு அப்பால் வீசிவிடுவார்கள். அந்த இடத்தை வைத்திருந்த வின்சென்சோ என்ற தச்சரும் அப்படித்தான் வீசிக்கொண்டிருந்தார் என்று முந்தே எழுதுகிறார். அவர் நிலத்தை வாங்கிய பிறகு சாமான் வெளியே போவது நின்றது, உள்ளே சுவருக்குள் போக ஆரம்பித்தது.

இதுதான் இந்த வீட்டின் விசேஷம். உள்முற்றத்துச் சுவர்களில் கல்வெட்டுத் துண்டு, தூணின் தலை, கால் இல்லாத சிலை, மூக்கில்லாத முகம் எல்லாம் சாந்தில் பதித்து நிற்கின்றன. கண்ணாடிப் பெட்டி கிடையாது. நடைபாதையில் நம் தோளுக்குப் பக்கத்தில் ஒரு ரோமானியரின் கல்லறைக் கல் இருக்கும், கவனிக்காமல் கடந்து போய்விடுவோம். வீட்டுக்கு முறையான வரைபடம் இருந்ததில்லை. ஊர்க் கொத்தனார் ஒருவரையும் அவர் மகன்களையும் வைத்துக்கொண்டு, தோட்டத்து மதிலில் கரியால் கோடு போட்டுக் காட்டிக் கட்டியதாக முந்தே சொல்கிறார். இதை மாமாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் முதன்முறையாக உண்மையான அதிர்ச்சி.

"ஏனுங் மாப்ளே, பிளான் இல்லாம கட்டினா எஸ்டிமேட் எப்படிங்க போட்டாங்க?"

எஸ்டிமேட்டே போடவில்லை மாமா என்றேன். "அதான் டாக்டருங்க" என்று முடித்துக்கொண்டார்.

உள்ளே அறைகள் சின்னவை, வெளிச்சம் குறைவானவை. நுழைந்ததும் செம்புப் பாத்திரங்கள் தொங்கும் சமையலறை வரும். சாப்பாட்டு அறையின் தரையில், இரண்டு கையிலும் ஒயின் ஜாடி பிடித்த எலும்புக்கூடு ஒன்று கறுப்பு வெள்ளை மொசைக்கில் நிற்கிறது. பாம்பேயியில் கிடைத்து இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலத்தின் நகல் அது. சாகத்தான் போகிறாய், அதனால் குடி என்று ரோமானியர் சாப்பாட்டுக்கு நடுவே நினைவுபடுத்திக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. மேலே இரும்புக் கட்டில் போட்ட படுக்கையறை. அதைத் தாண்டிப் படிப்பறை, சுவரில் கிரேக்கப் புராணத்துப் பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசாவின் பெரிய பளிங்குத் தலை. அதற்கும் அப்பால் சிலைகள் நிற்கும் திறந்த தாழ்வாரம். அங்கே ஒரு வட்ட மேசை, மேல்பலகை முழுக்க வண்ணக் கல் இழைத்த இடைக்கால வேலைப்பாடு. பலெர்மோவில் ஒரு பெண்மணி அதைத் துணி துவைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தபோது முந்தே பார்த்து வாங்கினார் என்று கதை. தாழ்வாரம் முடிந்தால் வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் கொடிப்பந்தல். பந்தலின் கடைசியில் அந்தப் பழைய தேவாலயம், வாசலில் கடலைப் பார்த்துப் படுத்திருக்கும் எகிப்திய ஸ்பிங்க்ஸ், சிங்க உடலும் மனிதத் தலையுமான சிலை.

இனிக் கொஞ்சம் கறாராகப் பேசுவோம். இவற்றில் எவ்வளவு அந்த மண்ணில் கிடைத்தது? தோட்டத்தில் ரோமானிய மாளிகையின் சுவர்ப் பகுதிகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன, அதில் சந்தேகமில்லை. துண்டு துணுக்குகள் பலவும் உள்ளூர் மண்ணிலிருந்து வந்தவையே. ஆனால் நல்ல பொருட்களில் கணிசமானவை ரோமிலும் நேப்பிள்ஸிலும் பழம்பொருள் வியாபாரிகளிடம் காசு கொடுத்து வாங்கியவை. சில முழுக்க நகல்கள். உட்கார்ந்திருக்கும் வெண்கல ஹெர்மிஸ், ஹெர்குலேனியத்தில் கிடைத்த சிலையின் நகல். காலரா சேவைக்கு நன்றியாக நேப்பிள்ஸ் நகரம் கொடுத்தது என்பார்கள். முந்தேயைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார். மெடூசா தலை கடலடியில் தன் கண்ணுக்குப் பட்டதாம். ஸ்பிங்க்ஸ் இருக்கும் இடத்தைக் கனவு காட்டிக்கொடுத்ததாம். படகெடுத்துக்கொண்டு கலாப்ரியக் கரையோரம் போய், நீரோவின் மாளிகை இடிபாட்டுக்குள் இருந்து எடுத்துவந்தாராம். வீடு கட்ட ஆசைப்பட்ட இளைஞனிடம் சிவப்பு அங்கி போட்ட ஓர் உருவம் வந்து பேரம் பேசிய கதையும் உண்டு.

இதெல்லாம் 1929இல் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் வருகிறது. அந்தப் புத்தகம் பல மொழிகளுக்குப் போய், உலகம் முழுக்க லட்சக்கணக்கில் விற்று, இந்த வீட்டுக்கு யாத்திரை போல ஆட்களைக் கொண்டுவந்தது. அவருடைய வாழ்க்கையைக் குடைந்து பார்த்தவர்கள், கல்யாணம் கட்டியதும் இரண்டு மகன்கள் பிறந்ததும்கூட அதில் இல்லை என்று சுட்டிக்காட்டினார்கள். நிறைய இடங்களில் கற்பனை கலந்திருப்பதையும்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. கதைசொல்லி ஒருவர் கட்டிய வீடு கதைசொல்லியைப் போலத்தானே இருக்கும். சுவரைப் பற்றித்தான் எனக்குக் குறை, அதற்கு வருகிறேன்.

முதலில் டைபீரியஸ். அவருக்கு முன் ரோமை ஆண்ட அகஸ்டஸ், கி.மு. 29இல் நேப்பிள்ஸ் நகரத்தாரிடம் இஸ்கியாத் தீவைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காப்ரியை வாங்கிக்கொண்டார். பெரிய தீவைக் கொடுத்துச் சின்னத் தீவை வாங்கிய பேரம். பழங்கால ராட்சத எலும்புகளைச் சேர்த்துத் தன் மாளிகையில் வைத்திருந்தாராம் அகஸ்டஸ். அதாவது, இந்தத் தீவில் பழம்பொருள் சேர்க்கிற பைத்தியம் முந்தேயிடம் ஆரம்பிக்கவில்லை. அகஸ்டஸுக்குப் பின் வந்த டைபீரியஸ், கி.பி. 27 வாக்கில் இங்கே வந்து தங்கியவர், 37இல் சாகும்வரை ரோம் நகரத்துக்குள் திரும்பக் காலே வைக்கவில்லை. பத்து வருஷம் ஒரு பேரரசு இந்தப் பாறையிலிருந்து கடிதம் மூலம் நடந்தது. பன்னிரண்டு மாளிகைகள் அவருக்கு இங்கே இருந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். முந்தே வாங்கிய இடம் அந்தப் பன்னிரண்டில் ஒன்று என்பது அனகாப்ரியின் நம்பிக்கை.

டைபீரியஸைப் பற்றிப் பயங்கரமான கதைகளை ரோமானியப் பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் அடுக்கியிருக்கிறார். பலவும் எழுதக் கூசுகிறவை, நம்பக் கடினமானவை. பேரரசர் செத்துப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவர் அவர், தலைநகரத்து வம்பைப் பதமாகக் கலந்திருப்பார். ஒரு கதை மட்டும் என் மனதில் தங்கிவிட்டது. ஒரு மீனவன் பெரிய மீன் ஒன்று பிடித்தான். பேரரசருக்குக் காணிக்கை கொடுக்க ஆசைப்பட்டு, தீவின் பின்புறம் வழியே இல்லாத செங்குத்துப் பாறையில் ஏறித் திடீரென்று அவர் முன்னால் போய் நின்றான். டைபீரியஸ் வெலவெலத்துப் போனார். காவலை மீறி ஒருவன் இங்கே ஏற முடிந்தால் கத்தியோடும் ஒருவன் ஏறலாமே. அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். நல்லவேளை, பிடித்த பெரிய நண்டைக் கொண்டுவரவில்லை என்று அவன் முனகினானாம். அப்புறம் நண்டும் வந்தது.

சான் மிக்கேலே மதிலிலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் அந்தப் பயம் புரிகிறது. இடது பக்கம் தூரத்தில் இஸ்கியா, எதிரே வெசூவியஸ், வலது பக்கம் சொரெண்டோ முனை. தீவுக்கும் அந்த முனைக்கும் நடுவே இருக்கும் குறுகிய நீர்வழியாகத்தான் அலெக்சாந்திரியாவிலிருந்து வரும் கப்பல்கள் வளைகுடாவுக்குள் நுழைந்து, எதிர்க்கரையில் புத்தியோலித் துறைமுகத்துக்குப் போகும். உச்சிப் பாயை இறக்காமல் வருவது அந்தக் கப்பல்களுக்கு மட்டும் உள்ள சலுகை என்பதால் பாயைப் பார்த்தே ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ரோமானியத் தத்துவ அறிஞர் செனெக்கா எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது.

அலெக்சாந்திரியா வழி வந்த சரக்கில் கோதுமை மட்டும் இருக்கவில்லை. முசிறியில் ஏற்றிய மிளகும், கொங்கு நாட்டுப் படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல்லும், முத்தும், மெல்லிய துணியும் செங்கடல் தாண்டி அலெக்சாந்திரியா போய்த்தான் ரோமுக்குப் போயின. கி.பி. 22இல் ஆடம்பரத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று செனட்டில் பேச்சு வந்தபோது டைபீரியஸ் ஒரு கடிதம் எழுதினார். பெண்களின் கல் நகைகளுக்காக நம் பணம் அந்நியருக்கும் எதிரிகளுக்கும் போகிறதே என்று அதில் அங்கலாய்க்கிறார். இந்தியா என்ற பெயர் அதில் இல்லை. ஐம்பது வருஷம் கழித்து ரோமானிய எழுத்தாளர் பிளினி பெயரைச் சொல்லியே கணக்குப் போட்டார், ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போகிறது என்று.

போன பணம் எங்கே கிடந்தது என்பதற்குச் சாட்சி என் மாமனாரின் ஊர். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, கரூர்ப் பக்கத்தில் புதையலாகவும் ஆற்று மணலிலும் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவையே மிக அதிகம். ஒரு பக்கம் டைபீரியஸின் கழுத்து நீண்ட முகம், மறுபக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண். மாமா சின்ன வயதில் அமராவதி மணலில் காசு பொறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறார். வெயில் தாழ்ந்ததும் சல்லடை போட்டு அலசுவார்களாம். பழங்காசு வந்தால் நகைக்கடைத் தெருவுக்குப் போகும். சேகரிப்பவர் வாங்கினால் காசாகவே பிழைக்கும், இல்லாவிட்டால் உருகிவிடும்.

"நம்மூர்லயும் டிம்பேரியோ சாமான்தானுங்க" என்றார்.

சரி, என் குறை. முந்தே இல்லாவிட்டால் இந்தக் கற்கள் மதிலுக்கு அப்பால் கடலில் கிடந்திருக்கும், நிச்சயம். ஆனால் எது எங்கே, எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தது என்ற விவரம் இந்த வீட்டின் சாந்துக்குள்ளேயே புதைந்துவிட்டது. கல் இருக்கிறது, அதன் விலாசம் இல்லை. தோண்டிய இடத்தில் கிடைத்த சில்லும் ரோமில் கடையில் வாங்கிய சில்லும் ஒரே சுவரில் அழகு பார்த்து அடுக்கப்பட்டுவிட்டன. சக்கரவர்த்தி இங்கே இருந்தாரா, அவருடைய ஆட்கள் இருந்தார்களா, வேறு யாராவது பணக்காரரா என்று கேட்டால் சுவர் பதில் சொல்லாது. காப்பாற்றினார், கலைத்தும் விட்டார். அவர் ஒருவரைக் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே, 1780களில், நோர்பெர்ட் ஹாத்ராவா என்ற ஆஸ்திரியத் தூதரக அதிகாரி அரசரின் அனுமதியோடு தீவு முழுக்கத் தோண்டி, பளிங்குத் தரைகளைப் பெயர்த்து விற்றுத் தள்ளியிருந்தார். அவரோடு ஒப்பிட்டால் முந்தே உத்தமர். குறைந்தபட்சம் சாமான் தீவிலேயே இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க இதே தீவின் கிழக்கு முனையில் வில்லா யோவிஸ் இருக்கிறது. டைபீரியஸின் பெரிய மாளிகை, 1930களில் அமெதேயோ மாயூரி முறையாக அகழ்ந்த இடம். காப்ரி ஊரிலிருந்து முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். அங்கே அலங்காரம் ஒன்றுமில்லை, எல்லாம் முன்பே போய்விட்டது. மொட்டைச் சுவர், நடுவில் பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டிகள். தீவில் ஊற்று நீர் மிகக் குறைவு என்பதால் அரண்மனை முழுக்க மழைநீரில் ஓடியது. கூரையிலும் முற்றத்திலும் விழுகிற ஒவ்வொரு சொட்டும் இந்தத் தொட்டிக்கு வரும்படி கட்டியிருக்கிறார்கள். மாமா அங்கேதான் உயிர் பெற்றார். தொட்டியின் உள்பூச்சைச் சுரண்டிப் பார்க்கப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

"சுர்க்கிங்க மாப்ளே. இது நம்ம சுர்க்கியேதான்."

அவர் சொன்னது சரி. சுண்ணாம்போடு உடைத்த ஓட்டுத் தூளைக் கலந்து தண்ணீர் கசியாத பூச்சு போடுவது ரோமானியர் வழக்கம். நம்மூரில் செங்கல் தூளைச் சுண்ணாம்போடு கலந்தது சுர்க்கி. முந்தே நிலம் வாங்கிய அதே 1890களின் நடுவில், 1895இல், முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் போட்டுக் கட்டியதுதான். கடலோரக் கட்டுமானங்களுக்கு ரோமானியர் வேறொன்றும் வைத்திருந்தார்கள். எதிர்க்கரைப் புத்தியோலியின் எரிமலைச் சாம்பல், சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகும். சுவருக்குச் சின்னச் சின்ன கூம்புக் கற்களைச் சாய்வாகச் செருகி, வெளிப்பக்கம் வலை பின்னியது போல வைரக் கட்டமாகத் தெரியும்படி அடுக்குவார்கள். இந்த வலைக்கண் கட்டு கண்ணில் பட்டால் அது ரோமானியச் சுவர் என்று துணிந்து சொல்லலாம். மேலே பூச்சு வந்து மூடப்போகும் சுவருக்கு எதற்கு இவ்வளவு வேலை என்று மாமா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் தெரியவில்லை.

முந்தேயின் வெள்ளைச் சுவர்களுக்கு அந்த உறுதி கிடையாது. அது நிழலுக்கும் பார்வைக்கும் கட்டியது. வீட்டைவிடப் பந்தலும் மதிலும்தான் அவருக்கு முக்கியம் என்று உட்கார்ந்து பார்த்தால் தெரியும். உள்ளே இருட்டான சின்ன அறைகளில் தொடங்கிப் படிப்படியாக வெளிச்சத்துக்குள் நம்மைத் தள்ளிக்கொண்டு போய், கடைசியில் மொத்தக் கடலுக்கு முன்னால் நிறுத்திவிடுகிறார். வரைபடமே இல்லாமல் இதைச் செய்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வெளிச்சமே அவரைத் துரத்தியது. கண்ணில் நோய் வந்து, ஒரு கண் பார்வை போய், இன்னொரு கண்ணும் கூசத் தொடங்கியது. சான் மிக்கேலேயில் இருக்க முடியவில்லை. அனகாப்ரியிலேயே மரங்களுக்கு நடுவே இருந்த மதேரித்தா என்ற பழைய கோபுரத்துக்குக் குடிபோனார். நினைவுக் குறிப்பு எழுதும்போது அவர் அந்தக் கோபுரத்து நிழலில்தான் இருந்தார். ஸ்பிங்க்ஸையும் பந்தலையும் அவர் வர்ணித்ததெல்லாம் தன்னால் போய் உட்கார முடியாத வீட்டைப் பற்றி. இடையில் வீட்டை லூயிசா கசாத்தி என்ற பெரும் பணக்காரச் சீமாட்டிக்கு வாடகைக்கு விட்டார். அவர் உள்ளே கறுப்புத் திரைகளும் தங்கமுமாக அடித்த கூத்து தீவில் இன்னும் பேசப்படுகிறது. விடுங்கள், வாடகைக்கு விட்டவர்கள் எல்லோருக்கும் சொல்ல ஒரு கதை உண்டு.

முந்தேயிடம் எனக்கு முழு மரியாதை வருகிற இடம் ஒன்று உண்டு. அது வீட்டில் இல்லை, வீட்டுக்குப் பின்னால் எழும் மலையில் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே போகும் காடைகள் வசந்த காலத்தில் கடல் தாண்டிக் களைத்துப்போய் இந்தத் தீவில் இறங்கும். பல நூற்றாண்டுகளாக ஜனங்கள் வலை கட்டிக் காத்திருந்து ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். காப்ரி ஆயரின் வருமானமே காடை வரிதான் என்பதால் அவருக்குக் 'காடை ஆயர்' என்றே பட்டப்பெயர். மற்றப் பறவைகளை ஈர்ப்பதற்காகக் கூண்டுப் பறவையின் கண்ணைச் சூட்டு ஊசியால் குருடாக்கிக் கத்தவிடுவார்கள். முந்தே சண்டை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் 1904இல் வலை கட்டுகிற அந்த பார்பரோசா மலையையே விலைக்கு வாங்கிவிட்டார். 1535இல் தீவைத் தாக்கிய துருக்கியக் கடற்படைத் தலைவர் பார்பரோசாவின் பெயரைத் தாங்கிய கோட்டை அதன் உச்சியில் இடிந்து நிற்கிறது. இன்று அங்கே வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் ஆய்வு நிலையம் இயங்குகிறது. இப்போதும் வலைதான், ஆனால் பிடித்ததைத் திருப்பி விட்டுவிடுகிறார்கள்.

ஸ்வீடன் அரசி விக்டோரியாவுக்கு அவர் நெடுங்காலம் அந்தரங்க வைத்தியர். அரசி நெஞ்சு நோய்க்காகக் குளிர்காலங்களை இந்தத் தீவில் கழித்தார். இருவருக்கும் வைத்தியத்தைத் தாண்டிய நெருக்கம் இருந்தது என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சில் எனக்கு ஆர்வமில்லை. 1949 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் அரண்மனையில் முந்தே இறந்தார். வீட்டை ஸ்வீடன் அரசுக்கு எழுதிவைத்திருந்தார். அதற்கென அமைந்த அறக்கட்டளைதான் இன்றும் வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறது. ஸ்வீடன் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் கலைஞர்களும் வந்து தங்கி வேலை செய்ய அறைகள் வைத்திருக்கிறார்கள். கோடையில் கச்சேரி நடக்கும்.

ஸ்பிங்க்ஸ் கிரானைட்டில் செதுக்கியது, மூவாயிரம் வருஷத்துக்கும் மேல் வயது. மதில் விளிம்பில் கடலைப் பார்த்துப் படுத்திருப்பதால் நமக்கு முதுகும் பின்னந்தலையும்தான் தெரியும், முகத்தை நேராகப் பார்க்க வழியில்லை. அதன்மேல் இடது கையை வைத்து வேண்டிக்கொண்டால் பலிக்கும் என்று ஒரு வழக்கம் உண்டாகி, வரிசையில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். நாங்களும் நின்றோம். மாமா கை வைத்தார், என்ன வேண்டினார் என்று சொல்லவில்லை. இறங்கி வரும்போது பந்தல் தூண் ஒன்றைத் தட்டிப் பார்த்து, "பூச்சு நல்லா இருக்குதுங்க" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: வீடு ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது, நேரம் மட்டும் மாதத்துக்கு மாதம் மாறும். காலையில் முதல் படகில் வந்து, காப்ரி ஊரில் நிற்காமல் நேராக அனகாப்ரிக்கு பஸ் ஏறுங்கள். பஸ் நிற்கும் விட்டோரியா சதுக்கத்திலிருந்து வீடு சில நிமிட நடைதான், வழியெல்லாம் செருப்புக் கடையும் எலுமிச்சைச் சாராயக் கடையும். அதே சதுக்கத்திலிருந்து சொலாரோ மலைக்குத் தொங்கு நாற்காலி போகிறது. 589 மீட்டர், தீவின் உச்சி அதுதான். வில்லா யோவிஸை மதிய வெயிலில் வைத்துக்கொள்ளாதீர்கள், வழியில் நிழல் குறைவு. ஃபினீஷியப் படிகளில் இறங்கலாம் என்று தோன்றும், முழங்கால் நன்றாக இருந்தால் இறங்குங்கள். மாமா பாதியிலேயே உட்கார்ந்து, 921இல் இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணச் சொன்னார்.